பதினொன்றாம் எண் பனியன்

ஜனவரி 21, செவ்வாய்

முதலில் என் கண்ணில் பட்டது சங்கரி அக்காவின் இடது குதிகால்தான். கபடி பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறவர், திரும்பி ஓடுவதற்குச் சற்று முன்னால் அந்தக் குதிகாலை ஒரு விரற்கடை தூக்குகிறார். தூக்கினால் திரும்பப் போகிறார். தூக்காவிட்டால் இன்னும் உள்ளே வரப் போகிறார். டீ கேனோடு கோட்டுக்கு வெளியே நின்று மூன்று நாளாகப் பார்த்துவிட்டேன். ஒரு தடவைகூட மாறவில்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு ஆளும் இல்லை. அம்மாவும் நானும் இந்தப் பெண்கள் கல்லூரியின் விடுதிச் சமையலறையில் வேலை பார்க்கிறோம். காலை ஆறு மணிக்குக் கபடி அணிக்கு டீயும் அவித்த முட்டையும் கொண்டுபோவது என் வேலை. அவர்களுடைய பனியன்களைத் துவைத்து மொட்டை மாடியில் காயப் போடுவதும் என் வேலை. மீதி நேரம் காய் நறுக்குவேன்.

இன்று பதினோரு பேர்தான் வந்திருந்தார்கள். அபிராமி அக்காவுக்கு அம்மை போட்டிருப்பதாக ஊரிலிருந்து போன் வந்ததாம். ஆறுக்கு ஆறு பிரித்தால் ஓர் ஆள் குறைகிறது. பயிற்சியாளர் ஜெசிந்தா மேடம் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, உன் பேரென்ன?"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"சோலைராணி மேடம்," என்றார் சங்கரி அக்கா. அவர்தான் கேப்டன். "அது பேசாது. அந்தக் கேன் பேசுனாலும் பேசும், இது பேசாது."

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "பேச வேண்டாம். பாடுறத அவ பாடட்டும். நீ இந்த மூலையில நின்னு பிடிச்சாப் போதும். கேனக் கீழ வை."

வைத்தேன். சங்கரி அக்கா பாடிக்கொண்டு வந்தார். அவர் முகத்தையோ கையையோ நான் பார்க்கவில்லை. குதிகால் எழும்பியது. பாய்ந்து கணுக்காலைப் பிடித்தேன். என்னையும் சேர்த்து இரண்டடி இழுத்துக்கொண்டு போய் விழுந்தார். என் வாயெல்லாம் மண். பிறகு யாரோ கை தட்டினார்கள்.

பயிற்சி முடிந்ததும் மேடம் இந்த டைரியைக் கொடுத்தார். போன வருடம் ஒரு சிமெண்ட் கடையில் கொடுத்தது. கிழமைகள் பொருந்தவில்லை. அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

"கோட்டுக்குள்ள கால் வச்சவ அன்னன்னைக்குச் செஞ்ச தப்ப எழுதணும். இந்த டீம்ல அதான் வழக்கம். எழுதத் தெரியும்ல?"

தலையை ஆட்டினேன்.

இன்று செய்த தப்பு: பிடித்த பிறகு சிரித்துவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

நான்கு தடவை பிடித்தேன். பாத்திரம் தேய்க்கும்போது நான்கையும் மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

ஜனவரி 23, வியாழன்

மேடம் தினமும் ஆட்டத்துக்கு முன்னால் நகம் பார்ப்பார். எல்லோரும் கையை நீட்டி வரிசையாக நிற்க வேண்டும். இன்று சங்கரி அக்காவின் சுண்டுவிரலில் நகம் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

"மேடம், அடுத்த வாரம் அக்கா கல்யாணம். மருதாணி போடணும், ஒரு விரல் மட்டும்..."

"போடு. இன்னைக்கு உக்காந்து பாரு."

கேப்டனையே உட்கார வைத்துவிட்டார். ஒரு நகத்துக்காக. நான் டீ கேனுக்குப் பின்னால் கையை மறைத்துக்கொண்டேன். "உனக்கும்தான், காட்டு," என்றார். கத்தரிக்காய்க் கறை இருந்தது, நகம் இல்லை. தப்பித்தேன்.

பன்னிரண்டு முட்டை அவிக்கிறோம், தின்ன பதினோரு பேர். மிச்ச முட்டையை மேடம் என் கையில் வைத்தார். "ஆடுறவ திங்கணும்." நான் ஆடுகிறவள். அதை இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அப்போது சங்கரி அக்கா கேட்டார், "மேடம், சோலை பாவாடையும் தாவணியுமா விழுந்து எந்திரிக்குது. அபிராமி பனியன் சும்மாதான கெடக்கு, பதினொன்னு."

"கெடக்கட்டும். அது மண்டலப் போட்டிக்குப் பேரோட பதிஞ்ச எண். அபிராமியத் தவிர யாரும் தொடக் கூடாது. சோலை, நாளைல இருந்து சுடிதார் போட்டுட்டு வா."

தப்பு: வலது பக்கம் வந்த ஆளை விட்டுவிட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

அம்மாவுக்கு இன்றுதான் தெரிந்தது. அரிசி களைந்துகொண்டே, "எவ கண்ணுலயும் படாம இருக்கப் பாருடி," என்றார். அது எனக்குச் சுலபமான காரியம். பள்ளிக்கூடத்தில் பெயர் வாசிக்கும்போது 'உள்ளேன் அம்மா' என்று சொல்ல எனக்குச் சத்தம் வராது. வகுப்பில் உட்கார்ந்திருந்த பாதி நாளுக்கு எனக்கு ஆப்சென்ட் போட்டிருந்தார்கள். ஒன்பதாவது படிக்கும்போது அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனது. இரண்டு மாதம் சமையலறை வேலைக்கு அம்மாவுக்குப் பதில் நான் வந்தேன். திரும்பிப் போகவில்லை. போன நாளும் போகாத நாளும் பதிவேட்டில் ஒன்றுபோலத்தான் இருந்தன.

இங்கே பெயர் வாசிக்க மாட்டார்கள். மேடம் கையைத்தான் பார்ப்பார்.

இன்று ஐந்து பிடி.

ஜனவரி 25, சனி

மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். சங்கரி அக்கா மூச்சு வாங்க ஏறி வந்தார். கொடியில் தொங்கிய பனியனை விலக்கிவிட்டு என் முன்னால் நின்றார்.

"எப்பிடிடி பிடிக்கிற?"

நான் கிளிப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"மூணு வருசமா பாடிப் போறேன். யூனிவர்சிட்டில ஒருத்திகூட என்னப் பிடிச்சதில்ல. முட்டை அவிக்கிற நீ பிடிக்கிற. சொல்லுறியா, இல்ல இந்த மாடில இருந்து தள்ளிவிடவா?"

கிளிப்பை எடுத்துவிட்டுச் சொன்னேன். "குதிகால்."

"என்னது?"

"இடது குதிகால். திரும்புறதுக்கு முன்னாடி தூக்குறீங்க."

அக்கா கீழே குனிந்து தன் காலையே பார்த்தார். பிறகு அந்த மாடியிலேயே பாடிப் பார்த்தார். ஈரத் துணிகளுக்கு நடுவே போய், திரும்பி, போய், திரும்பி. ஒவ்வொரு தடவையும் குதிகால் எழும்பியது. "அட நாசமாப் போற காலே," என்றார். அவ்வளவு சிரிப்பு வந்தது இருவருக்கும். நான் ஒரே நேரத்தில் இத்தனை வார்த்தை பேசி வருடக்கணக்காகிறது.

பதினோராம் எண் பனியனையும் துவைத்தேன். அழுக்கில்லை. இருந்தாலும் துவைத்தேன். துணி நல்ல துணி. மற்றவற்றோடு போடாமல் ஓரமாக, நிழலில் போட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம். மிட்டாய். பயிற்சி இல்லை. நாள் நீளமாக இருந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

குதிகால் விஷயத்தை மேடத்திடமும் சொல்லி, சங்கரி அக்கா அதை அடக்கிவிட்டார். மூன்று தடவை என்னைத் தொட்டுவிட்டுப் போனார். போகும்போது தலையில் ஒரு தட்டு வேறு. எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் சந்தோஷமாக இருந்தது என்று தெரியவில்லை.

அவுட் ஆனவர்களுக்காகக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் ஒரு நீளப் பெட்டி வரைந்திருப்பார்கள், சிட்டிங் பிளாக். அதில் அவுட் ஆன வரிசைப்படி உட்கார வேண்டும். நம் ஆள் ஒரு பாயின்ட் எடுத்தால் முதலில் உட்கார்ந்தவர் முதலில் எழுந்து உள்ளே போவார். இடம் மாறி உட்கார்ந்தால் மேடம் விசில் அடிப்பார். "உக்கார்றதும் ஆட்டம்தான்," என்பார். நான் இப்போது பழகிவிட்டேன். அவுட் என்றால் கால் தானாக அங்கே போய்விடுகிறது.

ஜனவரி 30, வியாழன்

காலையில் பனி. என் சுடிதார் நேற்று தோள்பட்டையில் கிழிந்துவிட்டது. மாடியில் பதினோராம் எண் பனியன் நன்றாகக் காய்ந்திருந்தது.

மேடத்தை முதல்வர் அம்மா கூப்பிட்டிருந்தார்கள், வர ஏழு மணியாகிவிட்டது. அதுவரை சங்கரி அக்கா ஆட்டத்தை நடத்தினார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டம் இதுவரை ஆடியதிலேயே இன்றுதான் நன்றாக வந்தது. ஆறு பிடி. கை நழுவவே இல்லை. ஒரு பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்.

மேடம் வருவதற்குள் டீ கேனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். பனியனைத் துவைத்து அதே இடத்தில் போட்டேன்.

தப்பு: (ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.)

பிப்ரவரி 1, சனி

பேப்பரில் படம் வந்துவிட்டது. மாவட்டப் பக்கத்தில், கலரில். 'மண்டலப் போட்டிக்குத் தயாராகும் மாணவிகள்' என்று போட்டிருக்கிறார்கள். மாணவிகள். சங்கரி அக்கா பாய்கிறார். பின்னால் சிட்டிங் பிளாக்கில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாவது ஆள் நான்.

அம்மா பேப்பரை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இவ்வளவு நிமிந்து உக்காந்திருக்க," என்றார். பழைய பேப்பர் கட்டில் போடாமல் மடித்து மசாலா டப்பாவுக்குக் கீழே வைத்தார்.

மேடமும் மைதானத்தில் பார்த்தார். நெஞ்சில் பதினொன்று நன்றாகத் தெரிகிறது. மேடம் பேப்பரை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். இன்று நகம் பார்க்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

புறவழிச்சாலைக் கல்லூரிக்காரர்கள் மண்டல விளையாட்டுக் குழுவுக்குப் புகார் எழுதிவிட்டார்கள். போன வருடம் இறுதி ஆட்டத்தில் நம்மிடம் தோற்றவர்கள். புகாரில் மூன்று குற்றம். வெளியாளைப் பயிற்சி முகாமில் ஆடவிட்டது ஒன்று. முகாம் உணவை வெளியாளுக்குக் கொடுத்தது இன்னொன்று. பேரோடு பதிவான பனியனை வெளியாளுக்கு அணிவித்தது மூன்றாவது. முட்டை விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யாருக்கும் புரியவில்லை.

சங்கரி அக்கா எல்லோரையும் மாடிக்கு வரச் சொன்னார். "நாளைக்குச் செயலாளர் விசாரிக்க வர்றார். எல்லாரும் ஒண்ணு போலச் சொல்லணும். சோலை தண்ணி ஊத்த வந்துச்சு, கால் வலிச்சுச்சு, உக்காந்துச்சு. அவ்வளவுதான்."

"சிட்டிங் பிளாக்லயா?" என்றாள் ஒருத்தி. "அதுவும் மூணாவதா, இடைவெளி விட்டு, கால மடக்கி? கபடி தெரிஞ்ச எவனும் நம்ப மாட்டான். அவுட் ஆனவதான் அப்பிடி உக்காருவா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நின்றுகொண்டிருந்தால் தண்ணீர் ஊற்றுகிறவள் என்று சொல்லியிருக்கலாம். நான் ஒழுங்காக உட்கார்ந்ததுதான் காட்டிக்கொடுத்திருக்கிறது.

அக்கா இன்னொன்றும் சொன்னார். மேடத்தின் வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற வேலையாம். மூன்றாவது குற்றம் உறுதியானால் அது ஆள்மாறாட்டம். அபிராமி இடத்தில் என்னை ஆடவைக்கப் பார்த்ததாக அர்த்தம். அணி இந்த வருடம் ஆட முடியாது. மேடத்துக்கு ஒரு வருடம் தடை. அப்படியென்றால் வேலையே போய்விடும்.

"இவ்வளவு சட்டம் பேசுற மேடம் உனக்கு ஏன்டி அந்தப் பனியனக் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

அடுப்பில் பால் வைத்திருந்தேன். இறங்கிவிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய், காலை

பத்து மணிக்கு முதல்வர் அறை. இதையும் கையில் எடுத்துக்கொண்டு போகிறேன். ஏன் என்று தெரியவில்லை. கையில் ஏதாவது இருந்தால் நல்லது.

அதே நாள், மதியம்

டைரி திரும்பி வந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செயலாளர் தனபாலன் சார் மெல்லிய குரல்காரர். முன்னால் பச்சை அட்டை போட்ட விதிப்புத்தகம். முதல்வர் அம்மா, மேடம், சங்கரி அக்கா, நான். கதவோரத்தில் அம்மா, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே.

"வெளியாள ஆடவிட்டீங்களா மேடம்?"

சங்கரி அக்கா முந்திக்கொண்டார். "சார், அது தண்ணி ஊத்த..."

"சங்கரி," என்றார் மேடம். "நகத்துக்கு ஒன்ன உக்கார வச்சவ நான். பொய்க்கு எழுந்து நிக்கச் சொல்றியா?" பிறகு சாரைப் பார்த்து, "ஆடவிட்டேன் சார். ஓர் ஆள் குறைஞ்சுச்சு. எட்டு நாள்."

"முகாம் உணவு குடுத்ததா எழுதியிருக்காங்க. என்ன உணவு?"

"முட்டை."

"எத்தனை?"

"ஒரு நாளைக்கு ஒண்ணு."

"அவிச்சதா?"

"அவிச்சது சார்."

சார் அதையும் எழுதிக்கொண்டார். முதல்வர் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது ரெண்டும் சின்ன மீறல். ரெண்டு ஆட்டத்துக்கு நீங்க மைதான எல்லைக்குள்ள வரக் கூடாது, அதோட சரி. மூணாவதுதான் பெருசு." பேப்பர் படத்தை மேஜையில் விரித்தார். "இந்தப் பனியன யார் குடுத்தது?"

மேடம் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"கேப்டன், நீங்க சொல்லுங்க. அன்னைக்கு நீங்கதான இருந்தீங்க."

சங்கரி அக்கா மேடத்தைப் பார்த்தார். பொய் சொல்லக் கூடாது என்று இப்போதுதான் திட்டு வாங்கியிருந்தார். "நான் கேட்டேன் சார். மேடம் குடுத்தாங்களான்னு. சோலை ஆமான்னு தலைய ஆட்டுச்சு."

"அப்ப நீங்கதான் குடுத்தீங்களா மேடம்?"

மேடம் என்னைப் பார்த்தார். கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் நான் திருடி. எனக்கும் அம்மாவுக்கும் அன்றோடு வேலை இருக்காது. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"என் மைதானத்துல நடந்தது சார். நான்தான் பொறுப்பு. அப்பிடியே எழுதிக்கங்க."

"அப்பிடி எழுத முடியாது மேடம். குடுத்தீங்களா, இல்லையா?"

சார் பேனாவின் மூடியைக் கழற்றினார். நான் நான்கு அடி நடந்துபோய் இந்த டைரியை அவர் முன்னால் வைத்தேன். ஜனவரி 23, ஜனவரி 30, இரண்டு பக்கத்தையும் விரலால் காட்டினேன்.

அவர் நிதானமாக வாசித்தார். அபிராமியைத் தவிர யாரும் தொடக் கூடாது என்று மேடம் சொன்னது முதல் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாவது பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பனியன் காஞ்சிருந்துச்சுன்னு எழுதியிருக்க. துவைச்சதா எழுதியிருக்க. நீ எடுத்துப் போட்டதா எங்கயும் இல்லையேம்மா."

உண்மைதான். எங்கேயும் இல்லை. எனக்கு மட்டுமே தெரிகிற டைரியில்கூட நான் அதை எழுதவில்லை. வெறும் பனியும் மாடியுமாக எழுதியிருக்கிறேன்.

"எழுதல," என்றேன்.

"கேக்கல."

"எழுதல சார். நான்தான் எடுத்தேன். மாடில இருந்து. மேடத்துக்குத் தெரியாது. அவங்க வர்றதுக்குள்ள கழட்டிட்டேன். சங்கரி அக்கா கேட்டப்ப பொய்யா தலைய ஆட்டுனேன்." மூச்சு விட்டுக்கொண்டேன். "எனக்குப் போட்டுக்கணும்போல இருந்துச்சு."

அந்த அறையில் அவ்வளவு சத்தமாகவா பேசினேன் என்று தெரியவில்லை. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த இரண்டு மாணவிகள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

சார் பேனாவை மூடினார். வெளியாள் தானாக அணிந்ததற்கு அணிமேல் குற்றம் இல்லை என்று விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறதாம். அதைத் தேடி எடுத்து முதல்வர் அம்மாவுக்குக் காட்டினார். மேடத்துக்கு இரண்டு ஆட்டம் தடை, அரையிறுதியும் இறுதியும். ஆட்டம் நம் கல்லூரி மைதானத்தில் நடப்பதால் அப்போது அவர் கல்லூரி வாசலைத் தாண்டக் கூடாது. போட்டி முடியும்வரை நான் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. என்னை என்ன செய்வது என்பது கல்லூரியின் விஷயம் என்றார்.

முதல்வர் அம்மா என் பக்கம் திரும்பினார்கள். "இனிமே துணி துவைக்கிறது போட்டி முடிஞ்ச பிறகு பாத்துக்கலாம். இப்பப் போய் சாப்பாட்டு வேலையப் பாரு," என்றார்கள். அம்மா கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

வெளியே வந்ததும் மேடம் என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "முப்பதாம் தேதிக்குத் தப்பு எழுதாம விட்டிருக்க. எழுது."

ஜனவரி 30, தப்பு: பனியனை எடுத்தேன். பொய் சொன்னேன். ஆனால் ஆறு பிடி பிடித்தது தப்பில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

அரையிறுதி ஜெயித்துவிட்டோம். நான் சமையலறையில் நூற்றைம்பது பேருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தேன். சங்கரி அக்கா வந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பத்து நகத்தையும் காட்டிவிட்டுப் போனார். மேடம் வாசலுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் நின்றாராம். ஒரு பஸ்ஸிலும் ஏறவில்லையாம்.

அபிராமி அக்கா வந்துவிட்டார். முகத்தில் தழும்பு. பதினொன்றை அவர் போட்டுக்கொண்டார். அவருக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

எழுத்து கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

இறுதி ஆட்டம் நான்கு மணிக்கு, புறவழிச்சாலைக் கல்லூரியோடு. சமையல் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு மாடிக்கு ஏறினேன். மைதானத்தில்தான் கால் வைக்கக் கூடாது, மாடியில் வைக்கலாம். அங்கிருந்து ஒரு பக்கம் மைதானம் முழுக்கத் தெரியும். மறுபக்கம் சாலை தெரியும். பஸ் நிறுத்தத்தில் மேடம் நின்றார். சுவர் மறைக்கிறது. விசில் சத்தத்துக்கு ஒரு தடவை எக்கிப் பார்க்கிறார், கூட்டம் கத்தினால் ஒரு தடவை எக்கிப் பார்க்கிறார். யாருக்காகக் கத்துகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

பத்து நிமிடம் பொறுத்தேன். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கூப்பிட்டேன்.

"மேடம்."

ஒரு லாரி போனது. கேட்கவில்லை.

"மேடம், எட்டுக்கு ஆறு. நம்ம எட்டு."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். பஸ்ஸுக்கு நின்ற எல்லோரும் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அதற்குள் சங்கரி அக்கா பாடப் போய்விட்டார், வெட்கப்பட நேரமில்லை.

"சங்கரி அக்கா போறாங்க. போனஸ் எடுத்துட்டாங்க. ஒம்போது. அவங்க ஆள் வருது. நெட்டையா இருக்கே, அந்த அக்கா. அபிராமி அக்கா இடுப்பப் பிடிச்சிட்டாங்க. விடல. விடல மேடம். பத்து."

மேடம் கையைக் கட்டிக்கொண்டார். பூ விற்கிற அம்மா ஒருவர் கூடையோடு சாலையைக் கடந்து சுவருக்குக் கீழேயே வந்துவிட்டார். "ஏத்தா, நம்ம பிள்ளைகதான முன்னால?" என்று கேட்டார். "ஆமாம்மா," என்றேன். ஒரு பஸ் வந்தது, நின்றது, போனது. ஏறியவர்களை விட இறங்கியவர்கள் அதிகம்.

இரண்டாம் பாதியில் பின்தங்கினோம். பதினெட்டுக்கு இருபத்தொன்று. நம் ஆட்கள் நான்கு பேர் சிட்டிங் பிளாக்கில். அதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. மேடம் மேலே பார்த்து ஒரு கையை மட்டும் அசைத்தார், நிறுத்தாதே என்பதுபோல. அவர் எனக்கு வேறு எதுவும் சொல்லவில்லை. நான் அணிக்கு எதுவும் சொல்லவில்லை. எல்லாம் ஒரே பக்கமாகத்தான் போனது, மைதானத்திலிருந்து சாலைக்கு.

தனபாலன் சார் மைதான ஓரத்தில் நாற்காலியில் இருந்தார். என் சத்தம் கேட்டு மாடியைப் பார்த்தார். பச்சைப் புத்தகத்தைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு மூடி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைசி நிமிடம். இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு. கடைசிப் பாட்டு நம்முடையது.

"சங்கரி அக்கா போறாங்க மேடம். அவங்க பக்கம் நாலு பேர்."

அப்போதுதான் பார்த்தேன். இடது மூலையில் நின்ற பெண் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நின்ற அதே மூலை. நான் பார்த்த அதே குதிகால். போன வருடம் தோற்ற ஆட்டத்தின் வீடியோவை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்போல.

"மேடம், அந்தப் பொண்ணு குதிகாலப் பாக்குறா."

மேடம் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"உள்ள போயிட்டாங்க. இன்னும் உள்ள. மேடம், குதிகால் தூக்கிட்டாங்க."

சாலையில் மேடம் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். ஒரு நொடிதான் திரும்பியிருப்பேன்.

"பாஞ்சிட்டா. அந்தப் பொண்ணு பாஞ்சிட்டா. ஆனா அக்கா திரும்பல. மேடம், சும்மா தூக்கியிருக்காங்க. வேணும்னே தூக்கியிருக்காங்க. விழுந்தவ தலைய ஒரு தட்டுத் தட்டிட்டு வர்றாங்க. வர்றாங்க. கோட்டத் தொட்டுட்டாங்க."

அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பூக்கார அம்மா கூடையிலிருந்து ஒரு கை பூவை அள்ளி மேலே எறிந்தார். பாதி சுவரில் மாட்டிக்கொண்டது. மைதானத்தில் பன்னிரண்டு பேரும் ஒரு குவியலாகக் கிடந்தார்கள். சங்கரி அக்கா குவியலிலிருந்து எழுந்து மாடியைப் பார்த்து இடது காலைத் தூக்கிக் காட்டினார்.

சாலையைப் பார்த்தேன். மேடம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெயில்தான் என்று நினைக்கிறேன். பிறகு சாலையைக் கடந்து மாடிக்குக் கீழே வந்து நின்றார். வாசலைத் தாண்டவில்லை.

"சோலை."

"மேடம்."

"நாளைக்குச் சனிக்கிழமை. நகராட்சி மைதானத்துல ஊர்ப் பொண்ணுங்க டீம் ஒண்ணு சேக்கலாம்னு இருக்கேன். அங்க காலேஜ் அட்டை கேக்க மாட்டாங்க. ஆறு மணி."

"சரி மேடம்," என்றேன். அவருக்குக் கேட்டது.

அவர் ஒரு பஸ்ஸில் ஏறிப் போனார். நான் கீழே இறங்கினேன். அம்மா நாளைக்கு நறுக்க வாழைப்பூவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தொண்டை கட்டி எனக்குப் பேச்சு வரவில்லை. மசாலா டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து நகவெட்டியை எடுத்தேன். வாசற்படியில் வெளிச்சத்தில் உட்கார்ந்து, சுண்டுவிரலில் தொடங்கி, பத்து நகத்தையும் வெட்டினேன்.